கரடி நெய் பூசிய தோட்டாக்கள்

எங்கள் பெரெபோர் கிராமத்தில் இன்னோகென்டி சாவிச்சுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. ஆற்றில் பனிக்கட்டி எப்போது உடையும், அடுத்த வீட்டு உருளைக்கிழங்கு ஏன் அழுகியது, மாஸ்கோவில் இருப்பவர்களுக்கு எது புரியவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. அவர் சொன்ன நாளில் பனி ஒருமுறைகூட உடைந்ததில்லை. அது பனியின் தவறு.

அவர் என் அம்மாவின் தம்பி. கேஷா மாமா. நான் கப்பல் சமையலறைகளிலும் வெளிநாட்டு விடுதிகளிலும் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, போன இலையுதிர்காலத்தில் ஊர் திரும்பியபோது அவர் வீட்டுப் பின்னறையில்தான் தங்கினேன். போன இடத்தில் எல்லாம் ஒரு கேஷா மாமாவைப் பார்த்திருக்கிறேன். ஒரு துறைமுகத்தில் அவர் எஞ்சின் பழுது பார்ப்பார், இன்னொன்றில் மீனுக்கு உப்புப் போடுவார். எஞ்சின் ஓடாது, மீன் நாறும், அவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். சொந்த மாமா அந்தக் கூட்டத்துக்கே தலைவர் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆள் குள்ளம். மீசை பெரிது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் வேட்டைக்காரச் சட்டைதான். அதில் ஊர் வேட்டைக்காரர் சங்கத் தலைவர் என்ற வில்லை. முன்பு மரம் வெட்டும் முகாமில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். அவர் பொறுப்பில் இருந்த சிமெண்ட் மூட்டைகள் மூட்டைக்குள்ளேயே கல்லாகிப் போயின. பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றைச் சுவரோடு ஒட்டித் தரையில் அடுக்கி, மேலே ஈரத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அந்த மூட்டைக் கற்கள் இன்றும் எங்கள் சமூகக் கூடத்துக்கு வாசல் படியாகக் கிடக்கின்றன. அவற்றில் ஏறும்போதெல்லாம், "எப்படி உறுதியா நிக்குது பாத்தியா, என் சரக்கு," என்பார்.

முகாம் மூடியதும் கிடங்கு போய்விட்டது. பொருளைப் பாதுகாக்கும் பித்து போகவில்லை. அது தோட்டாக்கள் மேல் திரும்பியது.

ஒவ்வொரு வருஷமும் வேட்டைக் காலத்துக்கு முன்னால் அவரும் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு டீகோனும் சேர்ந்து மாவட்டத் தலைநகருக்குப் போய், ஒரே ஒரு தகர டப்பா தோட்டா வாங்குவார்கள். இரும்புக் கூட்டுத் தோட்டா. கடையில் இருப்பதிலேயே மலிவு அதுதான். பித்தளைக் கூடு நகரத்துக்காரர்களுக்கு. எங்கள் ஊரில் எல்லோரும் இரும்பைத்தான் சுடுகிறார்கள், எல்லோரும் கடமான் இறைச்சி சாப்பிடுகிறார்கள். இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் தொழிற்சாலையில் அதன் மேல் பச்சையாக ஒரு வார்னிஷ் பூசி, டப்பாவைக் காற்றுப் புகாமல் ஈயம் வைத்து அடைத்து அனுப்புகிறார்கள். சும்மா விட்டால் மனிதரைவிட அதிக காலம் இருக்கும். மாமா எதையும் சும்மா விடுகிறவர் அல்ல.

டீகோன் டிராக்டர் ஓட்டுகிறவன். பெரெபோரிலேயே பெரிய சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். இந்த முறையும் டப்பாவை வெட்டித் தன் பாதியைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி லுகேர்யா அப்போது வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டு ஜாடிகளுக்குத் தகர மூடியை முறுக்கி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கடி வைக்க?" என்றான்.

"என் தலையில வை. காலி ஜாடி ஒண்ணு இருக்கு, நல்லாக் காய வச்சது. அதுல போடு."

அவன் போட்டான். அவளும் கையோடு கையாக அந்த ஜாடிக்கும் மூடியை முறுக்கி, வெள்ளரிக்காய் ஜாடிகளோடு சேர்த்து நிலவறைக்கு அனுப்பிவிட்டாள். டீகோன் தோட்டாவைப் பாதுகாத்த கதை அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து நிலவறை வரைக்கும்கூட ஜாடியை அவன் தூக்கவில்லை.

இந்தச் செய்தி வேலி தாண்டி வந்தபோது மாமா மூச்சுத் திணறச் சிரித்தார்.

"தோட்டாவுக்கு ஊறுகாய் போட்டிருக்கான். அடுத்து வெந்தயக் கீரையும் பூண்டும் போடுவான் பாரு."

சிரித்து முடித்துத் தன் பாதியைச் சமையல் மேசையில் கொட்டினார். என் அறைக்குள் போய், நகப்பூச்சு அழிக்க நான் வைத்திருந்த அசிட்டோன் புட்டியை எடுத்து வந்தார். கேட்கவில்லை.

"மாமா, அது என்னோடது."

"உன் நகம் எங்கயும் ஓடிப்போயிடாது உல்யா. இது பாதுகாப்பு விஷயம். இந்தப் பச்சை வார்னிஷ் இருக்கே, துப்பாக்கி சூடானா உள்ளே உருகிப் பசை மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் தோட்டா வெளிய வராது. இது தெரியாமத்தான் ஊர் முழுக்கச் சுட்டுட்டு இருக்கான்."

"உங்களுக்கு எப்பவாவது ஒட்டியிருக்கா?"

"ஒட்டுறதுக்கு நான் என்ன முட்டாளா?"

ஆக, ஒருமுறைகூட ஒட்டாத வார்னிஷை ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்தார். ஒவ்வொரு தோட்டாவையும் அசிட்டோனில் நனைத்த துணியால் உருட்டி உருட்டித் தேய்த்தார். தோட்டாவின் அடியில் துப்பாக்கி ஊசி வந்து குத்துகிற மருந்துப் பொட்டு ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஈரம் புகாமல் அடைத்திருந்த சிவப்புப் பூச்சையும் விடவில்லை. முடிந்தபோது மேசை மேல் எல்லாம் வெள்ளி போலப் பளபளத்தன. மாமாவின் மனைவி ஜீனா அத்தை ரொட்டி மாவு பிசைய இடமில்லாமல் மடியில் பாத்திரத்தை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். அத்தையின் முழு வாழ்க்கையும் அந்த வீட்டில் அப்படித்தான்.

சட்டப்படி தோட்டாவும் துப்பாக்கியும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி இருக்க வேண்டும். மாமாவிடம் பெட்டி இருக்கிறது. அதில் அவர் காய்ச்சிய சாராயம் இருக்கிறது. காவல் அதிகாரி சோதனைக்கு வரும் முன் போன் செய்துவிட்டுத்தான் வருவார். அப்போது மட்டும் புட்டிகள் படுக்கைக்கு அடியிலும் தோட்டாக்கள் பெட்டிக்குள்ளும் இடம் மாறும். மற்ற நாட்களில் தோட்டாக்கள் இருந்தது குளியல் குடிலின் பரணில், நீராவிக் குளியலில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்துகளுக்கு நடுவில்.

"இலை காயுற இடத்துல தோட்டா காயாதா? ஊர்லயே உலர்ந்த இடம் அதுதான்," என்றார்.

உண்மைதான். ஞாயிறு முதல் வெள்ளி வரை அது உலர்ந்த இடம். சனிக்கிழமை குடும்பம் முழுவதும் அங்கே கொதிக்கும் கற்கள் மேல் தண்ணீர் ஊற்றி நீராவியில் வெந்துகொண்டிருப்போம். ஆவி நேராகப் பரணுக்குத்தான் போகும். அன்று இரவே குடில் உறைந்துவிடும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆவி. வார்னிஷ் உரித்த அம்மண இரும்புக்கு இதைவிடப் பெரிய சிரமம் கொடுக்க, வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தாலும் முடியாது.

நவம்பரில் இலைக்கொத்து எடுக்க அத்தை பரணில் ஏறினாள். இறங்கியபோது அவள் கையில் கேரட் நிறத்தில் ஒரு தோட்டா இருந்தது.

"கேஷா, இது என்ன?"

மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"தொழிற்சாலைக்காரன் திருட்டுப் பய. இரும்புல கலப்படம் பண்றான். அந்தக் காலத்து இரும்பு இப்படியா துருப்பிடிக்கும்?"

பிறகு சாம்பல் வைத்துத் தேய்த்தார். பிறகு உப்புத்தாள். அதற்கும் பிறகுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் ஊரில் எந்தக் கேள்விக்கும் கடைசிப் பதில் கரடி நெய். குழந்தைக்கு இருமலா, கரடி நெய். பூட்ஸ் வெடித்ததா, கரடி நெய். கதவு கிறீச்சிட்டால், மூட்டு வலித்தால், மருமகள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால்கூட யாராவது அதைத்தான் சொல்வார்கள். பாதி நேரம் அது வேலையும் செய்யும். அத்தையிடம் ஒரு ஜாடி இருந்தது, டீகோன் எப்போதோ சுட்ட கொழுத்த கரடியின் நெய். அதில் பாதியை மாமா தோட்டாக்களுக்குப் பூசினார். அடுப்பில் இளக்கி, தோட்டாக்களை அதில் முக்கி எடுத்து, செய்தித்தாளில் வரிசையாக வைத்தார்.

"இனி நூறு வருஷத்துக்குத் துரு கிட்ட வராது."

"சுட்டுப் பாத்தியா?" என்றாள் அத்தை.

"எதுக்கு? தோட்டாவை வீணாக்கவா?"

மருந்துப் பொட்டைச் சுற்றியிருந்த பூச்சு போன இடத்தில், இளக்கிய நெய் மெல்ல உள்ளே இறங்கி மருந்தை நனைத்துக்கொண்டிருந்திருக்கும். அதை யார் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்க்க அவை பலகாரம் போல மின்னின.

அந்த வருஷம் காட்டில் பைன் கொட்டை விளையவில்லை. கொட்டை இல்லாத வருஷம் கரடிக்கு உடம்பில் கொழுப்பு ஏறாது. கொழுப்பு ஏறாத கரடி குளிர்காலத் தூக்கத்துக்குக் குகையில் போய்ப் படுக்காது. பனியில் பசியோடு திரியும், மனிதருக்குப் பயப்படாது. டிசம்பர் தொடக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாயைக் காணவில்லை. பிறகு இந்தப் பக்கம் ஒன்று. பிறகு எங்கள் வேலிக்குப் பின்னால், புதிய பனியில், பாத்திரம் கவிழ்த்த அளவுக்குத் தடங்கள்.

அத்தை தடத்தைப் பார்த்துவிட்டு நேராக மாட்டுக் கொட்டிலுக்குப் போய் மாய்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாய்கா அவளுடைய ஒரே பசு. தாய்ப்பசு ஈன்ற அன்றே செத்துப்போக, அத்தை அதைச் சமையலறையில் அடுப்போரம் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். அது இப்போது தலைச்சன் சினை. புத்தாண்டை ஒட்டி ஈன வேண்டும். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. மாமா தோட்டாவைத் தவிர வேறு எதையும் கவனித்தவர் இல்லை.

மாவட்ட வேட்டைத்துறையிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. ஆட்கள் அனுப்பவா என்று கேட்டார்கள்.

"என்னத்துக்குங்க? நான் இருக்கேன்ல. எங்க ஊர் கரடியை நாங்களே பாத்துக்குறோம்," என்றார் சங்கத் தலைவர். பேசும்போது எழுந்து நின்றுகொண்டார்.

அத்தை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப மாய்காவை டீகோன் கொட்டில்ல கட்டலாம் கேஷா. அது முழு மரம் அடுக்கிக் கட்டுனது. நம்மது பலகை. கூரை மேல வைக்கோல்தான்."

"என் பசுவை அவன் கொட்டில்லயா? தோட்டாவுக்கு ஊறுகாய் போட்டவன் வீட்டுலயா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பசு உன்னோடது இல்ல."

"துப்பாக்கி என்னோடது. அது போதும்."

அத்தை அன்றிலிருந்து வைக்கோல் வாரும் கவைக்கோலைக் கொட்டிலுக்கு உள்ளேயே வைக்க ஆரம்பித்தாள்.

கரடி வந்தது இரவில் அல்ல. எங்கள் டிசம்பரில் சூரியன் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது போகிற நேரம். பெரும் குளிர். துப்பினால் தரையில் விழும் முன் உறையும். அத்தை வைக்கோல் போடக் கொட்டிலுக்குள் போயிருந்தாள். நான் முற்றத்தில் விறகு அள்ளிக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கவில்லை, ஊளையிட்டது. நிமிர்ந்தேன். கொட்டில் கூரை மேல் பழுப்பாக ஒன்று குனிந்து, மணலில் குழந்தை தோண்டுவது போல வைக்கோலை இரண்டு கையாலும் வாரி எறிந்துகொண்டிருந்தது.

கத்தினேன். மாமா ஓடி வந்தார். அதை மறுக்க மாட்டேன், ஓடி வந்தார்தான். கம்பளிப் பூட்ஸ், உள்ளாடை, அதற்கு மேல் வில்லை குத்திய சட்டை, கையில் துப்பாக்கி. முற்றத்தின் நடுவில் வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, படம் எடுக்க நிற்பது போல நின்று குறி பார்த்தார்.

டிக்.

கரடி திரும்பிப் பார்த்தது. மறுபடி தோண்டியது.

வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ள மாமா துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தார். கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததில் ஒரு தோட்டா பனியில் விழுந்தது, அடுத்தது உள்ளே போனது. டிக். அதையும் வெளியே எடுக்கப் பார்த்தார். நெய் குளிரில் மெழுகாக இறுகிவிட்டிருந்தது. சொரசொரத்த இரும்பு உள்ளே அப்பிக்கொண்டது. வார்னிஷ் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவருக்கு எல்லாம் கச்சிதமாக ஒட்டியது. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைக் காலால் உதைத்தார். பூட்ஸ் கழன்று போனது.

கொட்டிலுக்குள்ளே மாய்கா அலறியது. பசு அப்படி அலறி நான் கேட்டதில்லை. அதற்கு மேல் அத்தையின் குரல், கரடியை அதன் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் விசாரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, வெளிய வாங்க," என்று கத்தினேன்.

"பசுவை விட்டுட்டா? போடி."

நான் வேலிக்கு ஓடினேன். டீகோன் ஏற்கனவே தன் வாசலில் இருந்தான். ஒரு தோளில் துப்பாக்கி. அக்குளில் ஒரு ஜாடி. பின்னால் லுகேர்யா வாசற்படியிலிருந்து கூவினாள்.

"மூடி திறக்குறது மேசை டிராயர்ல இருக்கு. இல்லன்னா ஜன்னல் மேல பாரு."

"நீயே பாத்து வச்சுக்க," என்றபடி அவன் எங்கள் கேட்டுக்கு வந்தான். ஜாடியைக் கேட் கம்பத்தில் ஓங்கி அடித்தான். கண்ணாடியும் தோட்டாக்களும் பனியில் சிதறின. குனிந்து, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் விரல் விட்டுப் பொறுக்கி, துப்பாக்கிக்குள் ஒவ்வொன்றாக அழுத்தினான். அவசரமே இல்லை. அவனுக்கு அவசரப்படத் தெரியாது. அவை பச்சையாக, கடையில் வாங்கியபடியே இருந்தன.

கரடி ஒரு கையையும் தலையையும் கூரை ஓட்டைக்குள் விட்டிருந்தது. உள்ளேயிருந்து அத்தை கவைக்கோலால் குத்தியிருக்க வேண்டும். அது உறுமிக்கொண்டு தலையை வெளியே இழுத்தது. டீகோன் சுட்டான். மறுபடி சுட்டான். இரண்டும் வெடித்தன. கரடி கூரையின் சரிவில் மெல்ல உருண்டு வந்து, மாமாவின் கழன்ற பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அத்தை கொட்டில் கதவைத் திறந்து வந்தாள், தலை முழுக்க வைக்கோல்.

"மாய்காவுக்கு முதுகுல கிழிச்சிருக்கு. ஆழம் இல்ல. நிக்குது."

மாமா ஒற்றைக் காலில் நின்று பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் அதை அங்கயே நிக்க வச்சேன்," என்றார். "சத்தம் காட்டி. இல்லன்னா எப்பவோ உள்ள குதிச்சிருக்கும்."

டீகோன் பனியில் கிடந்த மாமாவின் தோட்டாவை எடுத்தான். முகர்ந்து பார்த்தான்.

"தலைவரே, இதுல அப்பம் சுடலாம்."

"மலிவு இரும்பு. நாசமாப் போன சரக்கு. அடுத்த வருஷம் பித்தளைதான்."

"அதே டப்பா," என்றான் டீகோன். "நீ பாதி, நான் பாதி."

மாமா காதில் விழாதவர் போலக் கரடியைச் சுற்றி வந்தார். கரடியைக் கீறும்போது ஊரே கூடிவிட்டது. மாமா உள்ளே போய் அத்தையின் பெரிய எனாமல் பாத்திரத்தோடு வந்து முன்வரிசையில் நின்றார். தோல் சுட்டவனுக்கு, நெய் எல்லோருக்கும் என்பது எங்கள் வழக்கம். தோலை உரித்தார்கள். வயிற்றைத் திறந்தார்கள். விலா எலும்பும் நரம்பும்தான் இருந்தன. பசியில் திரிந்த கரடியிடம் கொழுப்பு எங்கிருந்து வரும். குழந்தைகூடச் சொல்லும். சங்கத் தலைவர் மட்டும் குனிந்து சிறுநீரகத்தைச் சுற்றித் தேடினார்.

"ஒரு கரண்டிகூட இல்ல," என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போல.

அத்தை வீட்டுக்குள் போய், ஜாடியில் மீதியிருந்த கரடி நெய் முழுவதையும் வழித்தெடுத்து வந்து மாய்காவின் காயத்தில் பூசினாள். அதற்குத்தான் அது இருந்தது. பிறகு பசுவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்க போற?" என்றார் மாமா.

"டீகோன் கொட்டிலுக்கு."

"என்னைக் கேக்காமலயா?"

"உன் துப்பாக்கியைக் கேட்டேன். டிக்குன்னுது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாய்கா மெல்ல நடந்து வேலி தாண்டிப் போனது. அத்தையும் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பசு ஈனும் வரை அங்கேயேதான் இருந்தாள். அந்த நாட்களில் மாமாவுக்கு நான் சமைத்தேன். உப்பு குறைவு, அடுப்பு எரிய வைப்பது தப்பு, கப்பலில் என்னதான் கற்றுக்கொண்டாய் என்று மூன்று வேளையும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

கன்று பிறந்தது. கிடேரி. எந்தக் கூரையின் கீழ் கன்று விழுகிறதோ, அந்த வீட்டு அடுப்பில்தான் சீம்பாலைச் சுட வேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. அதனால் மாமா டீகோன் வீட்டு மேசைக்குப் போக வேண்டியதாயிற்று. போகாமல் இருப்பார் என்று நினைத்தேன். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தார். மேலே பழுப்பேறிய சீம்பாலைத் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு, கன்றுக்குத் தடுப்பூசி போட வந்திருந்த கால்நடை உதவியாளர் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இரும்புத் தோட்டாவுக்குக் காத்துதான் எதிரி. நல்லாக் காஞ்ச ஜாடி, இறுக்கமான தகர மூடி, நிலவறை. கை படவே கூடாது. இதை நான் இவங்களுக்கு எத்தனை வருஷமாச் சொல்லிட்டு வர்றேன்."

டீகோன் வாயைத் திறந்தான். பதில் சொல்வது பெரிய வேலை என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு கரண்டி சீம்பாலைப் போட்டு மூடிக்கொண்டான்.

அத்தை மேசையின் அந்தப் பக்கத்தில் லுகேர்யாவோடு உட்கார்ந்திருந்தாள். வைக்கோல் வாசனையோடு, பல நாளாகச் சரியாகத் தூங்காத கண்களோடு, சிரித்த முகமாக. மாமா தட்டை நீட்டினார்.

"ஜீனா, இன்னும் கொஞ்சம்."

"தீந்துபோச்சு கேஷா," என்றாள் அத்தை, பாதி நிறைந்த பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.